தனி உலை

நம் வயசுக்காரர்களின் வாட்ஸப் குழுவில் தினமும் காலையில் ஒரு படம் வந்து விழுகிறது. பெரிய வீட்டுக் கூடம், வாழை இலை, வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற சனம். ஒரே வீடு, ஒரே அடுப்பு, அது ஒரு பொற்காலம் என்று கீழே எழுதியிருக்கும். உடனே கும்பிட்ட கை, ரோஜாப்பூ. அந்தக் காலத்தில் பெரியவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் மறுபேச்சு கிடையாது என்று யாராவது பெருமூச்சு விடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இன்றைக்கு எழுதியே தீர்வது என்று உட்கார்ந்துவிட்டேன். நீளமாகத்தான் இருக்கும். படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் ரோஜாப்பூ போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

எங்கள் வீடும் ஒரே அடுப்புதான். டவுனுக்கு வடக்கே கடலோரக் குப்பம். மாடி வீடுகளும் அகலத் தெருக்களும் முடிகிற இடத்தில் எங்கள் மணல் ஆரம்பிக்கும். படகும் வலையும் பொது. ஆனால் பேச்சு பெரியப்பாவுடையது. அப்பா அவருக்குத் தம்பி, அவ்வளவுதான். நான் சொல்லப்போகிற கதைக்கு முந்தைய வருஷம் சித்தப்பா பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு பிரிந்து போயிருந்தார். வலையை நடுவில் அறுத்துப் பங்கு போட்டார்கள். அறுந்து கிடந்த வலையைப் பார்த்துப் பெரியப்பா வாய்விட்டு அழுதாராம். அந்த ஆள் அழுதார் என்பதை நம்பக் கஷ்டமாக இருந்தாலும், அழுதார் என்றுதான் அம்மா சொல்வாள்.

என் தம்பிக்கு இளம்பிள்ளை வாதம். இடது கால் சூம்பிப்போயிருந்தது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் காலிபர் செய்து கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, மேலே தொடையைச் சுற்றித் தோல் பட்டை, கீழே பூட்ஸ். எங்கள் வீட்டில் அதற்குக் கம்பிக்கால் என்று பேர். அதைப் போட்டுக்கொண்டு அவன் நடந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். நடை அழகுக்காக இல்லை, வாய்க்காக. கடைக்காரரை வம்புக்கு இழுத்துக்கொண்டேதான் நடப்பான். கம்பிக்கால் கொடுத்த அன்று ஆஸ்பத்திரியில் ஒரு அம்மாள் என் அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"இத எப்பவும் போட்டே இருக்கணும்மா. போடாம வுட்டா முட்டி மடிஞ்சி அப்பிடியே நின்னுடும். அப்புறம் யாராலயும் நிமித்த முடியாது."

இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நெத்திலி மாதிரி இருந்த பயல் அந்தக் கோடையில் திடீரென்று வளர்ந்துவிட்டான். கம்பி வளருமா? தோல் பட்டை தொடையில் பாதிக்கு இறங்கிவிட்டது. முட்டியில் இருக்கவேண்டிய மடிப்பு முட்டிக்குக் கீழே போய் எலும்பில் இடித்தது. புண்ணாகிச் சீழ் வைத்தது. வலி தாங்காமல் கம்பிக்காலைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, பேரிங் வண்டியில் ஏறிக்கொண்டான். பலகைக்கு அடியில் லாரி பேரிங் மாட்டிய வண்டி அது. பழைய வலைக் கயிற்றைக் கட்டி நான்தான் இழுப்பேன். தினமும் காலையில் அம்மா அவனை நீட்டிப் படுக்கவைத்து முட்டிக்குக் கீழே கையை விட்டுப் பார்ப்பாள். முதலில் விரல் மட்டும் போயிற்று. பிறகு உள்ளங்கை போயிற்று. கால் மடிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

அப்பா தெற்கே தங்கல் போட்டு மீன் பிடிக்கப் போயிருந்தார். திரும்பி வர மாதக்கணக்காகும். அம்மா பெரியப்பாவிடம் போய், கதவுக்குப் பின்னால் நின்றபடி, பையனை ஒருதரம் கோரிமேட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று கேட்டாள். வளர்கிற பிள்ளைக்கு எத்தனை தடவைதான் மாற்றுவது, ஒரேயடியாக வளர்ந்து முடிக்கட்டும், அப்புறம் ஒரே தடவையாக மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் சொல்லிவிட்டார். தீபாவளிச் சட்டைக்குத் துணி எடுக்கிற கணக்கு. சரி, நானே கூட்டிப்போகிறேன் என்றாள் அம்மா. பொம்பளை தனியாகப் பஸ் ஏறிப் போய் ஆஸ்பத்திரியில் நின்றால், அந்த வீட்டில் ஆம்பிளை இல்லையா என்று ஊர் கேட்காதா என்றார். மறுபேச்சு கிடையாது. நீங்கள் ரோஜாப்பூ போடுவது இதற்குத்தான்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடும் கொல்லுப்பட்டறை ஒன்று இருந்தது. தம்பியை வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு போகிறபோதெல்லாம் அங்கே நிற்போம். ஒருநாள் அங்கே ஒரு குட்டைக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அடித்து அடித்து நீளமாக்கினார்கள். தம்பி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். திரும்பி வரும் வழி முழுக்க அவன் வாயே திறக்கவில்லை, அதிசயம். வீட்டு வாசலில் வந்துதான் பேசினான்.

"இரும்பு வளராதுன்னு யாரு சொன்னது அக்கா? அடிச்சா வளருது."

மறுநாளே கம்பிக்காலைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனோம். ஆஸ்பத்திரி சாமான், பெரியவங்க யாராவது வந்து சொன்னால்தான் கை வைப்பேன் என்றார் பட்டறைக்காரர். அவர் மேல் தப்பில்லை. நாங்கள் பெரியவர்களுக்கு எங்கே போவது? அப்படியானால் நாமே பட்டறை போட்டுவிடுவோம் என்று முடிவு செய்தோம். எனக்குத் தாவணி போடுகிற வயசு வந்திருக்கவில்லை. அவன் இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ. இதைச் சொன்னால் இப்போது என் பேரப்பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

சாமான் சேர்த்த கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். லாரி ஷெட்டுக்கு வெளியே சாக்கடை ஓரத்தில் ஒரு பிரேக் டிரம் கிடந்தது, தேய்ந்துபோய் ஒதுக்கினது. பெரிய இட்லிக் குண்டான் அளவு இருக்கும், தூக்க முடியாது. பேரிங் வண்டியில் ஏற்றி, தம்பியை இறக்கி நடைபாதையில் உட்காரவைத்துவிட்டு, முதலில் டிரம்மை வீடு சேர்த்தேன். திரும்பி வந்தால் அவனைச் சுற்றி ஒரு கூட்டம். யாரோ பிச்சை என்று காசு போட்டிருக்கிறார்கள். அவன் அந்த ஆளைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தான்.

எங்கள் தெருவில் சொல்தா என்று ஒருவர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர். சொல்தா என்றால் சிப்பாய். அவர் வீட்டுக் கொல்லையில் முன்சக்கரம் இல்லாத சைக்கிள் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. மத்தியானத் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தார். அதைத் தலைகீழாக நிறுத்தினோம். பின்சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி, மண்ணெண்ணெய் டின்னுக்குள் தகர இறக்கை வைத்த காற்றாடியோடு இணைத்தோம். கையால் பெடலைச் சுற்றினால் காற்றாடி விர்ரென்று சுற்றும். உடைந்த அடிபம்புக் குழாய் வழியாகக் காற்று டிரம்முக்குப் போகும். முதல் தடவை இறக்கையைத் திருப்பி மாட்டிவிட்டோம். சாம்பல் எல்லாம் என் முகத்துக்கு வந்தது. தம்பி உருண்டு உருண்டு சிரித்தான். காலில்தான் வலு இல்லை, கை இரண்டும் இரும்பு அவனுக்கு. பெடல் அவன் பொறுப்பு.

நிலக்கரிக்கு ரயில்வே ஸ்டேஷன் வேலி. என்ஜினில் எரிந்து பாதி வேகாமல் கொட்டின கரித்துண்டுகளைச் சாம்பல் மேட்டில் பொறுக்குவோம். அதோடு கொட்டாங்கச்சிக் கரி. இரும்பை வைத்து அடிக்கிற பட்டடைக்குப் பதில் பழைய கடல் பாலம் இடிந்து விழுந்தபோது கரை ஒதுங்கிய கனத்த இரும்புத் துண்டு ஒன்று. அப்பா நங்கூரத்துக்காக எடுத்துவைத்தது. டிரம்முக்குள் களிமண் பூசிக் காயவைத்தோம். கருவாடு காயும் முற்றத்துக்குப் பின்னால், தென்னை மட்டை வேலி ஓரமாக, எல்லாம் தயார்.

முதல் நெருப்பு நன்றாகப் பிடித்த அன்று கரி மஞ்சளாக ஜொலித்தது. நிலக்கரிப் புகையின் நெடி தொண்டையைக் கமற வைத்தது. கருவாட்டு நாற்றத்தையே அது அமுக்கிவிட்டது. ஆணியில், வேலிக் கம்பியில் என்று சில்லறை இரும்பில் பழகிப் பார்த்தோம். பெரியப்பா கடலுக்கோ கரைக்கோ போயிருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் பற்றவைப்போம். எவ்வளவோ இரும்பை எரித்து உருக்கிக் கெடுத்தோம். பொறி விழுந்து என் பாவாடை சல்லடையாகிவிட்டது. அம்மா பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, பாவாடையை இழுத்துச் செருகிக்கோ என்று மட்டும் சொன்னாள்.

கம்பிக்காலின் தோலை எல்லாம் கழற்றினோம். திருகாணிகளைத் தம்பி ஒரு சிரட்டையில் போட்டு மடியிலேயே வைத்துக்கொண்டான். முதல் கம்பியைக் காய்ச்சினேன். அவன் பெடலைச் சுற்றினான். அடித்தேன். கோணலாகத்தான் போயிற்று, திருப்பிப் போட்டு நேராக்கினேன். மறுபடி காய்ச்சி மறுபடி அடித்தேன். கடைசியில் மற்றக் கம்பியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விரற்கடைக்கு மேல் நீளம். தம்பி அதை வாங்கித் தன் காலோடு வைத்துப் பார்த்தான். சரியாக இருந்தது. நான் பொய் சொல்லவில்லை, சரியாகவே இருந்தது. இன்னும் ஒரு கம்பிதான் பாக்கி.

அன்று காலை தெருக்குழாயில் கருவாட்டுக்கார அக்கா ஒருத்தி, உன் பிள்ளைகளைத் தெருப்பக்கமே காணோமே என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அம்மாவுக்குக் கொஞ்சம் பெருமை. என்ன செய்வது, பாவம், அவளுக்குப் பெருமைப்பட வேறு என்ன இருந்தது? கொல்லையில் தனியாக உலை வைத்திருக்கிறதுகள் என்று சொல்லியிருக்கிறாள். கொல்லன் உலையைச் சொன்னாள் அவள். சோற்று உலையைக் கேட்டாள் இவள். கூட்டுக் குடும்பத்தில் தனி உலை வைப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இவள் போய்க் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியப்பாவிடம், உன் தம்பி பெண்டாட்டி பின்னாடி தனி உலை வைத்துவிட்டாளாமே என்று போட்டுவிட்டாள். ஏற்கெனவே ஒரு தம்பி போய்விட்டான். இப்போது இன்னொருத்தன், அதுவும் அவன் ஊரில் இல்லாதபோது. அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இந்த வயசில் எனக்குப் புரியத்தான் செய்கிறது. புரிந்தும் ஆத்திரம் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

இரண்டாவது கம்பி நெருப்பில் சிவந்துகொண்டிருந்தது. தெருவில் இருந்தே பெரியப்பாவின் குரல் கேட்டது.

"எவ அவ, என் வூட்டுல தனி ஒலை வெக்கிறவ?"

வேலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னாலேயே பாதித் தெரு. புகையைப் பார்த்தார், நெருப்பைப் பார்த்தார், அவ்வளவுதான் பார்த்தார். ஓங்கி ஒரு உதை. டிரம் கவிழ்ந்து கம்பியின் மேல் விழுந்தது. பழுத்திருந்த கம்பி அப்படியே மடங்கியது. அம்மா வைத்திருந்த வாளியைத் தூக்கி நெருப்பில் கொட்டினார். டணார் என்று டிரம் விரிசல் விட்டது. ஆவியும் சாம்பலும் கிளம்பித் தம்பியின் கண்ணெல்லாம் அடைத்துக்கொண்டது. அவன் சிரட்டையை இரண்டு கையாலும் மூடிப் பிடித்திருந்தான். புகை கொஞ்சம் அடங்கியதும் பெரியப்பா குனிந்து எதையோ தேடினார். சோற்றுப் பானையைத் தேடினார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஆள் சாம்பலைக் காலால் கிளறிச் சோற்றுப் பானையைத் தேடினார்.

"பெரியப்பா, அது தம்பியோட காலு" என்றேன் நான்.

அவர் கேட்டார். மடங்கிக் கிடந்த கம்பியைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார், கழற்றி வைத்த தோலைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியது எனக்கும் தெரிந்தது; முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அட, தப்பாக நினைத்துவிட்டேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் ஊர் நின்றது. ஊருக்கு முன்னால் தப்பு என்று சொல்ல நம் பெரியவர்களுக்கு எங்கே வாய் வந்திருக்கிறது? உடனே வழக்கை மாற்றிவிட்டார். பொட்டப்பிள்ளை இரும்படிக்கிற வீட்டில் மகாலட்சுமி தங்குவாளா, வளர்ப்பு சரியில்லை என்று அம்மாவின் பக்கம் திரும்பினார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாம் தெரிந்த சொல்தா ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அவருக்கு மத்தியானத் தூக்கம் முக்கியம்.

மறுநாள் காலை பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கும் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு வந்தான். பெரியப்பாவே நின்று எல்லாவற்றையும் அள்ளிப் போட்டார். விரிசல் விட்ட டிரம், சைக்கிள், மடங்கின கம்பி. நான் நீட்டி முடித்த நல்ல கம்பியும்தான். ஓடிப்போய்ப் பிடுங்கினேன், முதுகில் ஒன்று வைத்தார். பேரீச்சம்பழத்தை வாங்கி வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் பங்கு வைத்தார். என் தம்பிக்குத் தன் கையாலேயே, மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தார். அதுதான் அவருடைய மன்னிப்பு என்று என் தங்கை முறையில் ஒருத்தி இன்றைக்கும் வக்காலத்து வாங்குகிறாள். மண்ணாங்கட்டி மன்னிப்பு. தம்பி குழந்தைதானே, தின்றான். கொட்டையைக்கூட வெகுநேரம் சப்பிக்கொண்டிருந்தான்.

அப்பா வந்தார். அம்மா எல்லாம் சொன்னாள். பெரிய சண்டை வரும் என்று நான் வாசலிலேயே நின்றேன். அண்ணன் தெரியாமல் செய்துவிட்டார், விடு என்றார் அப்பா. அன்றைக்கு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நீங்கள் அனுப்புகிற படத்தில் இருப்பது போலவே இருந்தது. இன்னொரு கம்பிக்கால் வாங்கக் கோரிமேட்டுக்குப் போகலாமா என்று அம்மா கேட்டதற்குப் பதில் சொன்னது பெரியப்பா.

"கவருமெண்ட்டு குடுத்த சாமான அடிச்சி ஒடைச்சிட்டு, எந்த மூஞ்ச வெச்சிக்கினு போயி இன்னொண்ணு கேக்கறது? நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு மானம் இருக்குது."

யார் உடைத்தது? அந்தக் கேள்வியை அந்த வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. பிள்ளைகள் உடைத்துவிட்டன என்பதே பேச்சாகி, நாளாக ஆக உண்மையாகவும் ஆகிவிட்டது. அம்மா அதற்குப் பிறகு உலை என்ற சொல்லையே விட்டுவிட்டாள். அடுப்பில் உலை கொதிக்கும். தண்ணி வைத்திருக்கிறேன் என்றுதான் சொல்வாள். காலையில் தம்பியின் முட்டிக்கடியில் கையை விட்டுப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள். பார்க்காமலே தெரிகிற அளவுக்கு மடிந்துவிட்டிருந்தது.

அவனை நினைத்து உச்சுக்கொட்ட வேண்டாம். அவன் கெட்டுப்போகவில்லை. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் இன்றைக்கும் மீன் ஏலம் கூறுவது அவன்தான். மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்தபடி அவன் குரல் கொடுத்தால் வியாபாரிகள் வாயை மூடிக்கொள்வார்கள். கல்யாணம் ஆகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கோடைக்குப் பிறகு எழுந்து நின்றதில்லை. நிற்கக்கூடிய கால் அது. நிற்கவிடவில்லை.

அப்பாவும் பெரியப்பாவும் போன பிறகு, நான் வேலைக்குப் போய்ச் சொந்தமாக முடிவெடுக்க ஆரம்பித்ததும், அவனைப் பஸ்ஸில் ஏற்றிக் கோரிமேட்டுக்குக் கூட்டிப்போனேன். அப்போது அவனுக்கு மீசை வந்துவிட்டது. காலிபர் செய்யும் கூடத்து வாசலில் வரிசை. எங்களுக்கு முன்னால் ஒரு கிராமத்து அம்மா, கையில் உடைந்த காலிபரோடு நின்றாள். இடுப்பில் பையன். பையன் கிணற்று மேட்டில் ஏறிக் குதித்து உடைத்துவிட்டான், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று நடுங்கி நடுங்கிச் சொன்னாள். அளவெடுக்கிறவர் அதை வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

"ஒடையட்டும்மா. ஒடைஞ்சாத்தான் புள்ள நல்லா நடக்குறான்னு அர்த்தம். ஒக்காரு, வேற போட்டுத் தர்றேன்."

அவ்வளவுதான். அதட்டல் இல்லை, கேஸ் இல்லை. அந்தப் பையனை உட்காரவைத்து அளவெடுத்து அனுப்பிவிட்டு, என் தம்பியைக் கட்டிலில் படுக்கச் சொன்னார். முட்டியில் கையை வைத்து மெதுவாக அழுத்தினார். இன்னொரு தரம் அழுத்தினார். அது அசையவில்லை. சிரிப்பு போய்விட்டது. டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டரும் பார்த்துவிட்டு, சின்ன வயசில் வந்திருக்க வேண்டும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஏன் வரவில்லை என்று கேட்டார். தம்பிதான் பதில் சொன்னான்.

"திருப்பி வந்து கேக்க வெக்கமா இருந்துச்சிங்க. எனக்கில்ல, எங்க பெரியப்பாவுக்கு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். அவனுக்கு ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியப்பா செத்தபோது எல்லோரும் மாரில் அடித்துக்கொண்டு அழ, எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அன்றைக்கு அந்தப் பஸ்ஸில், இந்த ஆள் செத்துத் தொலைந்தாரே என்று முதல் தடவையாக அழுதேன். இருந்திருந்தால் நேராக வீட்டுக்குப் போய், தம்பியை அவர் முன்னால் இறக்கிவிட்டு, நிற்கச் சொல்லுங்கள் பெரியப்பா என்று கேட்டிருப்பேன்.